ஷாம்புவின் முடியாத பயிற்சி

பெற்றோர் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கு உண்டு. பள்ளிச் சான்றிதழில் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கடைத்தெருவில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஷாம்பு எங்கே?" என்று கேட்டால் பூட்டுக் கடைக்காரர் முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள்.

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டபோது அவளுக்குப் பதினாறு வயது. அப்பா டவுன் பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, வீட்டில் செய்தித்தாளைக்கூட நாலு மூலையும் சேர்த்து வைத்துத்தான் மடிப்பாள். வாய் மட்டும் வயசுக்கு மீறி வளர்ந்த தம்பி ஒருத்தன். சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீடு. ஆனால் கூடுதலாக எதைக் கேட்டாலும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று பதில் வரும் வீடு. அந்த அடுத்த மாசம் எந்த வருஷத்தில் வரும் என்று தெரியாமல் அலுத்துப்போய், தன் கைச்செலவுக்குத் தானே சம்பாதிப்பது என்று அவள் முடிவு செய்தாள்.

அந்தக் கடைத்தெருப் பியூட்டி பார்லரின் கண்ணாடிக் கதவில் 'பயிற்சிக்குப் பெண்கள் தேவை, பகுதி நேரம்' என்று ஒட்டியிருந்தது. பள்ளி விட்ட கையோடு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். ஐம்பது வயது, ஒரு இழை கலையாத கூந்தல். வருவதற்கு முன்னால் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் வரும். அவர் மார்க் கேட்கவில்லை, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. கையை நீட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நகம் ஒட்ட வெட்டியிருக்கியே, நல்லது. மூணு மாசம் பயிற்சி, அரைச் சம்பளம். அப்புறம் முழுசு. முடி வெட்டவும் கத்துக்கலாம். சம்மதமா?"

சம்மதம்தான். அரை என்றாலும் தன்னுடைய அரை அல்லவா? மறுநாளே துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள்.

பார்லரில் நாலு நாற்காலி, நாலுக்கும் எதிரே ஆளுயரக் கண்ணாடி, பின்பக்கம் தலை கழுவும் தொட்டிகள் இரண்டு. வெட்டிய முடியைக் கூட்டுவது, துண்டுகளைத் துவைத்துப் பின்னறைக் கம்பியில் காயப்போடுவது, சீப்புகளை மருந்துத் தண்ணீரில் ஊறவைப்பது, தலை கழுவிவிடுவது, எல்லாம் பயிற்சிப் பெண்ணின் தலையில். கத்திரி பிடிப்பவர் மூத்த பணியாளர். அவரைக் கத்திரி அக்கா என்பார்கள். அதிகம் பேசமாட்டார். அவர் கத்திரி அவருக்கும் சேர்த்துப் பேசும்.

தலை கழுவுவதில் என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அவள் கை அதற்கென்றே வார்த்ததுபோல அமைந்திருந்தது. தண்ணீரின் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பாள். காதுக்குள் ஒரு சொட்டுப் போகாமல் உள்ளங்கையைக் குவித்து அணை கட்டுவாள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் மெதுவாக ஒரு வட்டம் போடுவாள் பாருங்கள், அதோடு எதிராளி இந்த உலகத்தில் இல்லை. வங்கி மேனேஜரம்மா ஒருவர், ஊரையே அதட்டுகிறவர், அவள் கையில் தலையைக் கொடுத்த முதல் நாளே குறட்டை விட்டார். எழுந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஷாம்புப் பொண்ணு இருக்கற நாளா பார்த்துத்தான் இனிமே வருவேன்" என்றார். பேர் அப்படித்தான் ஒட்டியது.

மூன்று மாதம் முடிந்தது. சம்பள உறை வழக்கம்போல் மெலிந்துதான் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நீ இன்னும் கத்திரியே பிடிக்கலையேம்மா, பயிற்சி எப்படி முடியும்?" என்று மேடம் சிரித்தபடி சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. சரி, கத்திரி பிடிக்கலாம் என்று போனால், "முதல்ல கழுவறத நல்லாக் கத்துக்க" என்று விரட்டினார். கத்திரி பிடித்தால்தான் முழுச் சம்பளம், முழுச் சம்பளக்காரிக்குத்தான் கத்திரி. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

யாரும் கற்றுத் தரவில்லை என்றால் என்ன, கண் இருக்கிறதே என்று அவள் தானே கற்க ஆரம்பித்தாள். முடியைக் கூட்டுகிற சாக்கில் கத்திரி அக்காவின் கையைக் கண்ணாடியில் பார்ப்பாள். சீப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, இரண்டு விரலுக்கு நடுவே முடியை எவ்வளவு இழுக்கிறார், எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் குளியலறை முக்காலியில் உட்கார வைத்து, அம்மாவின் தையல் கத்திரியால் காரியத்தில் இறங்கினாள். பாதியில்தான் விஷயம் புரிந்தது. கண்ணாடியில் பார்த்துக் கற்றதெல்லாம் இடம் வலம் மாறிக் கையில் ஏறியிருந்தது. வலது காதுக்கு மேலே நிற்க வேண்டிய கோடு இடது காதைச் சுற்றிக்கொண்டு பின்கழுத்துக்குப் போய்விட்டது.

தம்பி வீட்டையே இரண்டாக்கினான். அப்பா வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லடா, இந்தப் பக்கம் ஓட்டுநர் சீட்டு, அந்தப் பக்கம் படிக்கட்டுன்னு அடையாளம் தெரியுது" என்றார். அடுத்த வாரம் முழுக்கப் பையன் அப்பாவின் பழைய யூனிபார்ம் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனான். ஆனால் அவள் விடவில்லை. அப்பாவின் தலை, எதிர்வீட்டு அக்காவின் தலை, அந்த அக்காவின் இரண்டு பிள்ளைகள் தலை என்று கிடைத்த தலையில் எல்லாம் பழகி, வருஷம் திரும்புவதற்குள் இடது வலதைச் சரிசெய்துவிட்டாள். உறை மட்டும் சரியாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு பயிற்சிப் பெண் சேர்ந்தாள். சேரும்போது அவளுக்கும் பதினாறு. கதவு நிலையில் இடிக்கிற உயரம், அதனால் நெட்டை. அவளுக்கும் அதே மூன்று மாதக் கதை, அதே அரைச் சம்பளம். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு ஷாம்புவுக்கு. மேடம் இருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ் அடித்துக்கொண்டு வந்தார். அடித்தவன் தமிழ்ப் புலமையைக் காட்டி அதில் 'பயிற்சியாளர்' என்று போட்டுவிட்டான். வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஓ, பயிற்சி கொடுக்கறவங்க நீங்கதானா?" என்று மரியாதையாகக் கேட்டார். "கொடுக்கறது நான்தாங்க. வாங்கறதுதான் கொஞ்சம் கம்மி" என்றாள் ஷாம்பு. அவர் புரியாமல் தலையாட்டினார். கத்திரி அக்காவின் கத்திரி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

சிரிப்பும் பேச்சுமாகத்தான் வேலை நடந்தது. ஆனால் நெட்டையின் விரல் இடுக்குகள் சில வாரங்களிலேயே சாயத்திலும் மருந்திலும் வெடித்துச் சிவந்தபோது ஷாம்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கைக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஆகியிருந்தது. ரப்பர் கையுறை அலமாரியில் இருந்தது. பூட்டி, சாவி மேடம் இடுப்பில். சாயம் பூசுகிற மேடத்துக்கும் கத்திரி அக்காவுக்கும் மட்டும்தான் அது. கழுவுகிறவர்களுக்கு எதற்கு என்பது மேடத்தின் கணக்கு. ஷாம்பு ஒருதரம் ஒரு சாயப் பாட்டிலைக் கைதவறிப் போட்டபோது சம்பளத்தில் பிடித்தார். மேடமே மறுவாரம் ஒன்றைப் போட்டு உடைத்தபோது பாட்டிலின் தரம் சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டினார். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லிவிட்டுத் துண்டை நாலாக மடித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அந்தத் தெருவில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர். சம்பளப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, சின்னப் பெண்கள் இரண்டு பேருக்கு ஏன் பாதிச் சம்பளம் என்று கேட்டார். மேடம் சற்றும் அசரவில்லை. இவர்கள் குழந்தைகள், கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள், தனியாக ஒரு தலையைக்கூடத் தொட விடுவதில்லை, ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நின்று சொல்லிக்கொடுப்பார் என்று தேனொழுகச் சொன்னார். அதிகாரி ஷாம்பு பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் புன்சிரிப்போடு நின்றிருந்தார். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமாங்கம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது நெட்டை பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். கேட்க வந்த மகராசியிடம் வாயைத் திறந்திருந்தால் அன்றோடு விடிந்திருக்கும், கையில் வந்த வெண்ணெயை வழித்துப் போட்டுவிட்டாய் என்று வழி நெடுக அர்ச்சனை. ஷாம்புவுக்கு அவமானமாக இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"மேடம் சொன்னது பொய்தானே?" என்றாள்.

"பின்ன? சுத்தப் பொய்."

"அதை நாம நிஜமாக்கிட்டா?"

நெட்டைக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சனிக்கிழமை பார்லர் நிரம்பி வழிந்தது. காத்திருக்கும் பெஞ்சில் இடமில்லாமல் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். முதல் ஆளைத் தொட்டியில் சாய்த்து, கழுத்துக்குத் துண்டு வைத்துவிட்டு, ஷாம்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னம்மா நிற்கிறாய் என்று மேடம் கேட்டார். பக்கத்தில் மூத்தவர் இல்லாமல் தலையைத் தொடக் கூடாது என்று நீங்கள்தானே அதிகாரியம்மாவிடம் சொன்னீர்கள், கொஞ்சம் வந்து நில்லுங்கள் மேடம் என்று அவள் பணிவாகச் சொன்னாள். குரலில் ஒரு துளி கிண்டல் இல்லை.

மேடம் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அடுத்த தொட்டியில் நெட்டை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அங்கேயும் போக வேண்டியிருந்தது. மூன்றாவது தலைக்கு டெலிபோன் அடித்தது. நாலாவது தலைக்கு, சாயம் பூசி உட்கார வைத்த அம்மாவின் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மேடம் கத்திரி அக்காவைப் போய் நிற்கச் சொன்னார்.

கத்திரி அக்கா கையை நிறுத்தாமல், "பாதி வெட்டுல இருக்கேன் மேடம். விட்டுட்டு வந்தா இவங்க ஒரு பக்கத்தோடதான் வீட்டுக்குப் போகணும்" என்றார். நாற்காலியில் இருந்தவர் பதறிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வாடிக்கையாளர்கள் எதிரே மேடத்தால் கத்தவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சாவிக்கொத்து இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்குமாகச் சலங்கைபோல ஒலித்துக்கொண்டிருந்தது. பற்றாததற்கு ஷாம்பு ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தாள். தண்ணீர் இந்தச் சூடு போதுமா மேடம், இன்னொருதரம் நுரை போடலாமா மேடம். அந்த நேரத்தில்தான் வங்கி மேனேஜரம்மா தொட்டியில் சாய்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"ஏம்மா முதலாளி, தூங்க விடமாட்டேங்கறீங்களே, என்ன நடக்குது இங்க?"

பயிற்சிப் பெண், பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று மேடம் இழுத்தார்.

"ஒரு வருஷத்துக்கு மேல இவதான் எனக்குக் கழுவறா. இவளுக்கு இன்னுமா பயிற்சி? எங்க வங்கியில ஆபீசருக்கே ஆறு மாசத்துல முடிஞ்சிடும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புதான். மேடத்தின் முகம் கறுத்தது. அதைப் பார்த்து ஷாம்புவுக்கு உள்ளூர ஒரு சங்கடம். ஆட்டத்தைக் கலைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பக்கத்துத் தொட்டியில் நெட்டை சிவந்த விரல்களால் துண்டு பிழிவதைப் பார்த்தாள். கலைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். திங்கட்கிழமை இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்து அலுத்துப்போய் எழுந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பார்லர் காலியாக இருந்த நேரத்தில், மேடம் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். கம்பி முழுக்க ஈரத் துண்டுகள். கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் மேடம் உட்கார்ந்தார். மேடம் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"நான் கத்துக்கிட்டப்ப மூணு வருஷம் சம்பளமே கிடையாது, தெரியுமா உனக்கு? முதலாளியம்மா வீட்டுக்குப் பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தேன்" என்றார் மேடம்.

"அது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா மேடம்?"

மேடம் ஒரு துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, சரி, உனக்கு இந்த மாசத்திலிருந்து முழுச் சம்பளம், விஷயம் இதோடு முடிந்தது, அந்தப் பெண்ணுக்காக மட்டும் வாயைத் திறக்காதே என்றார்.

முழுச் சம்பளம். கேட்டதும் அவளுக்குக் காது குளிர்ந்துபோனது. சரி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிற்பாடு இதை யாரிடம் சொன்னாலும் அவள் மறைக்காமல் சொல்வாள்: அந்த இடத்தில் வாய் சரி சொல்லத்தான் திறந்தது. ஆனால் வெளியே நெட்டை யாருக்கோ போன் எடுத்து, மேடம் இப்போது வந்துவிடுவார் என்று சமாளிக்கிற குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சரி என்று சொல்ல வரவில்லை.

"அவளுக்கும் மூணு மாசம் முடியப்போகுது மேடம். முடிஞ்சதும் முழுசு கொடுத்துடுங்க. கையுறை ரெண்டு பேருக்கும் வேணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை காத்தாடுது, அப்ப கத்திரி அக்கா எங்களுக்குச் சொல்லித் தரட்டும்."

"கடையையே எழுதிக் கொடுக்கச் சொல்றியா?"

"அது வேணாம் மேடம். சாவிக்கொத்து கனமா இருக்கும்."

மேடம் முறைத்தார். முறைத்தபடியே உதடு ஒரு பக்கம் நெளிந்தது. அப்புறம் நீண்ட பேரம். இரண்டு முழுச் சம்பளத்துக்குக் கடை தாங்காது என்றார். தலை கழுவக் கொஞ்சம் கட்டணம் கூட்டினால் தாங்கும் என்றாள் இவள். கூட்டினால் ஆள் வராது என்றார். வங்கி மேனேஜரம்மாவைக் கேட்டுப் பார்க்கலாமா என்றாள். அந்தம்மாவின் பேரைக் கேட்டதும் மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு, இந்த ஒரு வருஷத்து மிச்சத்தை மட்டும் கேட்காதே என்றார். விட்டுக்கொடுத்தாள். வெளியே வந்து, நடந்ததை ஆரம்பத்திலிருந்து நெட்டையிடம் சொல்லத் தொடங்கினாள். நெட்டை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேடம் அவளிடம் "துண்டு", "தண்ணி" தவிர வேறு வார்த்தை பேசவில்லை. கட்டணத்தைக் கூட்டியதால் ஒருத்தர்கூட வருவதை நிறுத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் குரல் பழைய நிலைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கத்திரி அக்கா நிஜமாகவே சொல்லிக்கொடுத்தார். ஷாம்பு வெட்டுவதை முதல்முறை பார்த்துவிட்டு, இவள் ஏன் சில இடத்தில் மட்டும் சீப்பை எதிர்ப்பக்கம் பிடிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. கண்ணாடிக் கதையைச் சொன்னதும், பேசாத அந்த மனுஷி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முதல் முழுச் சம்பளத்தில் அவளும் நெட்டையும் ரயிலேறிக் கடலைப் பார்க்கப் போனார்கள். இரண்டு பேரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நெட்டை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரைக்கு வர மறுத்தாள். ஷாம்பு ஈர மணலில் உட்கார்ந்து, இவ்வளவு தண்ணீரையும் யார் சூடு பார்ப்பது என்று கேட்டாளாம். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் மூக்கு உரிந்திருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் நல்ல உருக்குக் கத்திரி ஒன்று வாங்கினாள். வாங்கி வந்த நாளில் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. நெட்டை இப்போது விமானத்தில் பணிப்பெண். உயரம் அங்கே உதவியது. ஷாம்பு பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, அதே தெருவின் மறுமுனையில் இரண்டு நாற்காலி, ஒரு தொட்டியோடு கடை போட்டிருக்கிறாள். நினைத்த அளவு சுலபமாக இல்லை. வாடகையும் மின்கட்டணமும் கழுத்தைப் பிடித்த முதல் வருஷம், பயிற்சிக்கு வந்த பெண்ணுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் என்ன என்று அவள் மனசே அவளிடம் பேரம் பேசியிருக்கிறது. அந்த வருஷம் தனக்கென்று அவள் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அம்மா அதைக் கேட்டுவிட்டு, நீ முதலாளியா தர்மசத்திரமா என்று திட்டினாள்.

போன வாரம் ஒரு புதுப் பெண் வேலை கேட்டு வந்தாள். பள்ளிப் பை முதுகில், முகம் நிறையப் பயம். பயிற்சி எத்தனை மாசம் என்று கேட்டாள்.

"தலை கழுவறதுக்கா? ஒரு வாரம் போதும்" என்றாள் ஷாம்பு. "மீதி மூணு வாரம் வாய் பேசக் கத்துக்க. அடுத்த மாசத்துலேர்ந்து முழுச் சம்பளம்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். எனக்கு ஏற்கெனவே வாய் பேசத் தெரியும் அக்கா, அந்த மூணு வாரத்துக்கும் சேர்த்து முழுசாகக் கொடுத்துவிடலாமே என்றாள்.

ஷாம்பு கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையுறைப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்து, எந்த அளவு சேரும் என்று போட்டுப் பார்க்கச் சொன்னாள்.